தண்ணீர் எங்கே நிற்கிறது?

தேக்கடி ஏரிக்கரையில் ஆட்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவது என் தொழில். வருகிறவர்கள் இறங்கியதுமே, "அண்ணே, இன்னிக்குப் புலி தெரியுமா?" என்பார்கள். அதற்கு முன்பே நான் ஏரியைப் பார்த்திருப்பேன், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று. அன்றைய நடையை முடிவு செய்வது அதுதான்.

இது தானாக அமைந்த ஏரியல்ல. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை எழும்பியதும் காட்டுப் பள்ளத்தாக்கு மூழ்கித் தேங்கிய நீர். அப்போது பட்டுப்போன மரங்களின் கட்டைகள் இன்றும் நடுத்தண்ணீரில் நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கை காயவைப்பது அவற்றின்மேல்தான். எந்தக் கட்டை எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை வைத்தே மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம்.

மன்னான், பளியர் குடிகளின் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. மூங்கில் தெப்பத்தில் போய் வலை போடுகிறவர்கள் அவர்கள். புதுத்தண்ணீர் ஏறிக் கரைப்புல்லை மூடினால் மீன் அங்கே மேய வரும். வலையும் கரையோரம் நகரும்.

மழைக்காட்டின் உள்ளே வெயில் தரைக்கு இறங்காது. அதனால் அங்கே புல் குறைவு. மாசி, பங்குனியில் ஏரி வற்ற வற்ற, வெளிப்பட்ட சேற்றில் இளம்புல் கிளம்பும். யானை, காட்டுமாடு, மிளா எல்லாம் அதைத் தேடிக் கரைக்கு வந்துவிடும்.

அந்தச் சேற்றைக் குனிந்து பார்ப்பதில்தான் என் பிழைப்பு இருக்கிறது. இரவு மழை பெய்திருந்தால் வேலை சுலபம். குளம்படிக்குள் மழைத்துளி குத்திய புள்ளிகள் இருந்தால், மிளா மழைக்கு முன்னால் போயிருக்கிறது. புள்ளியே இல்லாமல் விளிம்பு கூர்மையாக நின்றால், மழை ஓய்ந்த பிறகு போயிருக்கிறது. பக்கத்துப் பாறையில் நீர்நாய் எச்சம் கிடக்கும். மீன் செதில் ஈரத்தோடு மினுங்கி, கவிச்சி மூக்கில் ஏறினால், கூட்டம் சற்று முன்புதான் கரையேறியது என்று அர்த்தம். அங்கேயே ஆட்களை உட்காரவைத்துவிடுவேன்.

அணையில் தண்ணீரை எவ்வளவு தேக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. 136 அடியாக இருந்த அதை 142 அடியாக உயர்த்த 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அணை நிறைந்தால் சுரங்கம் வழியாக இறங்கும் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்றுப் பாவுவார்கள். இங்கே மேய்ச்சல் கரை மூழ்கும், விலங்குகள் மேலே ஏறிவிடும். அப்போது நானும் ஏரியை விட்டு, அட்டைக்குப் பயந்து காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, பழுத்த ஆலையோ அத்தியையோ தேடிப் போவேன். பழம் இருந்தால் இருவாட்சி வரும், மந்தியும் வரும்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் பறவைப் பெயர்களைச் சொல்லித்தருவதில்லை. ஒரு கட்டையைக் காட்டி, "தினமும் இதைப் பார்த்து வைடா" என்கிறேன். நீர்மட்டம் புரிந்தவனுக்கு, எந்த விலங்கு எங்கே இருக்கும் என்பது பாதி புரிந்த மாதிரிதான்.