பீடி போச்சு, ஹான்ஸ் வந்துச்சு!

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எந்த டீக்கடை வாசல்ல நின்னாலும் பீடிப் புகை வரும். "பீடிய விட்டுட்டேம்பா"ன்னு பெருமையா சொல்ற அண்ணன்களும் உண்டு. உத்துப் பார்த்தா சிலர் உதட்டுக்கடியில ஹான்ஸ்! கேட்டா, "புகை இல்லியே, நுரையீரல் தப்பிச்சுதுல்ல?"

பாதி சரிதான். ஆளைப் பிடிச்சு வைக்கிறது நிகோடின், நுரையீரலைக் கெடுக்கிறது புகை. ஆனா ஹான்ஸும் புகையிலைதானே? வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர் வழி. வேப் பக்கம் போகலாம்னா, 2018-ல தமிழ்நாட்டுலயும் 2019-ல நாடு முழுக்கவும் தடை போட்டுட்டாங்க.

மிச்சம் இருக்கிறது மருந்துக்கடை நிகோடின் கம். இதுல புகையிலையே கிடையாது. 2022-ல நம்ம நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு.

பலர் இதை பபுள்கம் மாதிரி சவச்சு, "தொண்டை காறுது"ன்னு துப்பிட்டு மறுபடி பீடி பத்த வைக்கிறாங்க. மெதுவா நாலு மெல்லு. காரம் ஏறினா கன்னத்துல ஒதுக்கு. அடங்கினதும் திரும்ப மெல்லு. அரைமணி நேரம் இப்படியே. டீ குடிச்ச கையோட போட்டா சரியா வேலை செய்யாது. இதய நோய் இருந்தா டாக்டரைக் கேட்டுக்கணும்.

விலைதான் இடிக்குது. பீடிக்கட்டு காசுக்கு ஒரு நாள் கம் வராது. அரசு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க. 1800-11-2356-க்கு போன் பண்ணா காசில்லாம ஆலோசனை கிடைக்கும். ஹான்ஸ் போடுற அண்ணன்களுக்கும் இதே நம்பர்தான், சொல்லிடுங்க மக்களே!