அம்மாவின் தோளும் ஜப்பான்காரரின் கட்டைவிரலும்

போன செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி. நான் ஹாலில் உட்கார்ந்து கணக்கோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். தையல் மெஷினை விட்டு எழுந்த அம்மா, கதவு நிலையில் சாய்ந்து தோளை அதிலேயே அழுத்தித் தேய்த்துக் கொண்டிருந்தாங்க, மாடு மரத்தில் உரசுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா இது?" என்றேன். "ரெண்டு வருஷமா இப்படித்தான்டா இருக்கு" என்றாங்க. சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ரெண்டு வருஷமும் நான் அதே ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டு நெட்டில் தேட ஆரம்பித்தேன். (பரீட்சைக்கு முதல் நாள் எதைப் படித்தாலும் சுவாரசியமாகத்தான் இருக்கும், பாடத்தைத் தவிர!) அப்படிச் சிக்கியதுதான் ஷியாட்சு. ஜப்பானிய மொழியில் 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். எண்ணெய் கிடையாது, போட்டிருக்கிற துணியோடு தரையில் மெத்தை விரித்துப் படுத்தால் போதும். கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் ஒவ்வொரு இடமாகச் சில விநாடி அழுத்தி, விட்டு, அடுத்த இடத்துக்குப் போகிறார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பின்னால் இருந்த கதை. டோகுஜிரோ நமிகோஷி 1905ல் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் ஷிகோகு தீவிலிருந்து வடக்கே ஹொக்கைடோவுக்குக் குடிபெயர்ந்தது. பழகாத குளிர். அம்மாவுக்கு முழங்காலில் ஆரம்பித்த மூட்டுவலி உடம்பெல்லாம் பரவியது. பக்கத்தில் டாக்டர் இல்லை. பிள்ளைகள் மாற்றி மாற்றித் தேய்த்து விட்டார்கள். உன் கைதான் சுகமாக இருக்கிறது என்று அம்மா இந்தப் பையனிடம் சொல்ல, அவன் விறைப்பாகவும் சில்லென்றும் இருக்கிற இடங்களைத் தடவித் தேடி, தேய்ப்பதைக் குறைத்து அழுத்துவதைக் கூட்டினான். அம்மா தேறிவிட்டார்.

அந்தப் பையன்தான் 1940ல் டோக்கியோவில் ஷியாட்சு பள்ளி தொடங்கினார். 1954ல் தேன்நிலவுக்கு ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு வயிற்றுவலி வந்தபோது சிகிச்சை கொடுத்தவரும் இவரே. 1964ல் ஜப்பான் அரசு ஷியாட்சுவைத் தனி முறையாகவே ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அங்கே மூன்று வருடம் படித்து, தேசியத் தேர்வு எழுதினால்தான் லைசென்ஸ். நம்ம பி.காம் மாதிரி மூன்று வருடம்!

முதுகில் அழுத்தியதால் அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு கார்ட்டிசோன் சுரந்ததுதான் அம்மா குணமானதற்குக் காரணம் என்று நமிகோஷி பிற்காலத்தில் விளக்கம் சொன்னார். எனக்கு இது டேலி ஆகவில்லை. மூட்டுவலி தானாகக் கூடிக் குறைவதும் உண்டே. வலிக்கும் தூக்கத்துக்கும் கொஞ்சம் உதவலாம் என்று சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. அடித்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் குறைவு. எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டு இருப்பவர்கள் கிட்டேயே போகக்கூடாது, கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. மனசு லேசாகும் என்ற வரைக்கும் நான் நம்பத் தயார்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். பரீட்சை முடிந்த அன்றைக்கு முதல் முயற்சி. மொத்த பலத்தையும் விரலில் கொண்டுவந்து ஒரே அழுத்து. "ஐயோ" என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் மறுபடி படித்துப் புரிந்துகொண்டேன். கைபலத்தால் குத்தக் கூடாது, கையை நீட்டி உடம்பு எடையை மெதுவாகச் சாய்க்க வேண்டும். அழுத்தும்போது அவர்கள் மூச்சை வெளியே விட வேண்டும்.

டாக்டரிடமும் கூட்டிப் போனேன். ஸ்டூலின் உயரத்தை மாற்றச் சொன்னார், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொன்னார், சில பயிற்சிகள் கொடுத்தார். வலி குறைந்தது அதனாலா என் கட்டைவிரலாலா என்று பிரித்து எழுத எந்த லெட்ஜரும் இல்லை.

ஆனால் தினமும் ராத்திரி பத்து நிமிஷம் நடக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் யார் வீட்டு ஜாக்கெட் காசு பாக்கி, எந்தக் கண்ணில் நூல் கோர்க்கத் தடுமாறுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. நேற்று பாதியிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாங்க. கையை எடுத்ததும் முழித்து, "போதும்டா, உனக்குக் கை வலிக்கும், போய்ப் படி" என்றாங்க.