எத்தனை மணித் தூரம்?

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று நாகூர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் மைல் கணக்குச் சொல்லமாட்டார். "நாலஞ்சு நாள் சபர்" என்பார். கணக்கும் அதற்கு ஒத்தே வருகிறது. நேர்கோட்டில் சுமார் 1,260 கடல் மைல். மணிக்கு 13 கடல் மைல் ஓடும் கப்பலுக்கு நான்கு நாளும் ஒரு மணியும் ஆகும். 1926இல் கட்டப்பெற்று 1970களின் தொடக்கம்வரை ஓடிய 'ரஜூலா'வை அறியாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. நாகையில் பெருங்கப்பல் கரையணைய வழியில்லை. அது கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில் சென்று ஏற வேண்டும். வீட்டிலிருந்த பெண்களுக்கோ கப்பல் பினாங்கை அடைந்ததும் அத்தூரம் முடிந்துவிடாது. "சுகமாய் வந்து சேர்ந்தேன்" என்ற கடிதம் கைக்கு வரும் நாளில்தான் முடியும்.

இன்று திருச்சிக்கும் பினாங்குக்கும் வானில் நேர்கோடு ஏறத்தாழ 2,450 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு, ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் சேர்த்து, மூன்றேகால் மணியைச் சற்றே தாண்டும். ஆயினும் நம்மவர் பலர் கோலாலம்பூர் சென்றே மாறுகின்றனர். அங்கிருந்து திருச்சிக்கு 4 மணிக்குச் சற்றுக் குறைவு. இதில் கடிகாரம் செய்யும் குறும்பு வேறு. மலேசியா 1982 ஜனவரி முதல் நாளில் தன் நேரத்தை அரைமணி முன்தள்ளிக்கொண்டது. அதுவரை நம்மைவிட இரண்டு மணி முன்னே நின்ற நாடு இரண்டரை மணி முன்னே போயிற்று. பயணச்சீட்டைப் பார்த்தால் போவதற்கு ஆறரை மணி, வருவதற்கு ஒன்றரை மணி என்றே தோன்றும்! தென்மேற்குப் பருவத்தில் நம் வானின் மேலடுக்கில் கீழைக்காற்று விரைந்து வீசுவதால் மேற்கு நோக்கி வருவோருக்குச் சில நிமிடம் மிச்சமாவது மெய்தான். ஐந்து மணி நேரம் அன்று.

வழிப்போக்கர் சொன்ன தூரங்களிலிருந்து பாதையின் வளைவுகளைக் கழித்து, பக்தாதுக்கும் கஜ்னாவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையைக் கணித்தவர் அல்பீரூனி. வளைவைக் கழிக்க அவருக்கு வழி தெரிந்திருந்தது. காத்திருப்பைக் கழிக்க நமக்குத் தெரியவில்லை.

உம்மா மௌத்தான அன்று இந்தக் கணக்கெல்லாம் நம்முன் வந்து நின்றது. ஃபஜ்ருக்குச் சற்றுப் பின், பினாங்கில் காலை எட்டரை. நானாவுக்குச் செய்தி சொன்னோம். அவருக்குக் கிடைத்த இடம் கோலாலம்பூரிலிருந்து இரவு 9 மணி விமானத்தில். திருச்சியில் இறங்கிச் சுங்கம் கடந்து, நாகூருக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் காரில் வரவேண்டும். ஜனாஸாவை அவ்வளவு நேரம் வைப்பதா என்று ஜமாஅத்தார் நம்மைக் கேட்டனர்.

நம் பாட்டனார் மௌத்தானபோது வாப்பா பினாங்கில் இருந்தார்கள். அன்று எவரும் இப்படிக் கேட்கவில்லை. நாலு நாள் தூரத்துக்காரருக்கு யார் காத்திருப்பது? தந்தி போயிற்று, அடக்கமும் ஆயிற்று. வாப்பா அங்கேயே யாசீன் ஓதினார்கள். மூன்றரை மணித் தூரம் என்று ஆனபிறகே அந்தக் கேள்வி பிறந்திருக்கிறது. நமக்கு நா எழவில்லை. நானாதான் தொலைபேசியில் சொன்னார்கள்: "வைக்க வேணாம் தம்பி. அஸருக்கே எடுத்துடுங்க."

அஸருக்கு எடுத்தோம். நானா வந்து இறங்கியபோது இரவு இரண்டு மணி. கைக்கடிகாரத்தை அவர்கள் மாற்றியிருக்கவில்லை, அதில் நாலரை.