பூனைக்கு ஒரு தொட்டி

முதலில் எலி என்றுதான் நினைத்தேன். மாடியில் பன்னிரண்டு பைகள். செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து அரைக்கீரை விதைத்து நாலு நாள் ஆகியிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பையின் நடுவில் மண் குவிந்து கிடந்தது. குச்சியால் கிளறியதும் நாற்றம் சொல்லிவிட்டது. பூனை.

அதன் மேல் தப்பு சொல்ல முடியாது. மலத்தைப் புதைப்பது அதன் சுபாவம். அதற்குப் பொலபொலவென்ற மண் வேண்டும். சிமெண்டும் டைல்ஸும் போட்டு மூடிய எங்கள் தெருவில் அப்படி மண் இருந்தது என் பைகளில் மட்டும்தான்.

ஆரஞ்சுத் தோல் பரப்பினேன். இரண்டே நாளில் காய்ந்து வாசனை போய்விட்டது. மிளகாய்த்தூள் தூவினேன், என் கண்தான் எரிந்தது. அந்துருண்டை வைங்க என்றார் எதிர்வீட்டுக்காரர். அது பூனைக்கு விஷம் என்பதால் மனசு வரவில்லை. கடைசியில் இன்ஜினியர் புத்தி: அசைவைக் கண்டதும் தண்ணீர் பீய்ச்சும்படி ஒரு சென்சாரும் சின்ன மோட்டாரும். முதலில் நனைந்தது துணி காயப்போட வந்த அம்மா.

"பூனையைத் தவிர எல்லாரையும் குளிப்பாட்டுடா."

அதுவரை எல்லாம் விளையாட்டுதான். மனைவி கர்ப்பம் என்று தெரிந்த வாரம் டாக்டர் கேட்டார், "வீட்ல பூனை இருக்கா?" இல்லை என்றோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் இரண்டு பேரும் பேசவில்லை. கீரையை வேகவைத்துத்தான் சாப்பிட்டோம், அதில் பயமில்லை. ஆனால் அந்தப் பைகளில் தினமும் வெறும் கையால் களை பிடுங்கியவள் அவள்.

ராத்திரி முழுக்கப் படித்தேன். டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி. பூனையின் மலத்தில் முட்டை போன்ற வடிவில் வெளியே வரும். ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கர்ப்பகாலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் குழந்தைக்குப் போகலாம்.

ரத்தப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அவள் அழுதேவிட்டாள். நான் சிரித்தேன், ஆனால் பாதிதான். இல்லை என்றால் இதற்கு முன்பும் வந்ததில்லை, உடம்பில் எதிர்ப்பும் இல்லை என்று அர்த்தம். மிச்ச மாதங்களையும் காப்பாற்றியாக வேண்டும்.

பழைய மண்ணையெல்லாம் அள்ளி அகற்றினேன். புது மண் நிரப்பி, ஒவ்வொரு பை மேலும் கோழிவலையைப் படுக்கையாக வைத்துக் கட்டினேன். பூனையால் தோண்ட முடியாது, கீரை கண் வழியாக மேலே வந்துவிடும். அவள் மாடிக்கே வரக்கூடாது என்று முடிவானது.

அப்போது அம்மா கேட்டாள், "அது எங்கயாவது போய்த்தானே ஆகணும்?"

இவ்வளவு நாளில் நான் கேட்காத கேள்வி. உடைந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மணல் கொட்டி மாடியின் கடைசி மூலையில் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் பூனை அதைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அந்த முட்டைகள் நோய் பரப்பும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அதனால் தினமும் அள்ளிவிட வேண்டும். அள்ளுவது என் வேலை.

மகளுக்கு இப்போது எட்டு மாதம். பாசிப்பருப்போடு மசித்த அரைக்கீரையில் பாதியைத் துப்பிவிடுகிறாள். ஆபீஸ் மீட்டிங்குக்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டு நான் மாடிக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பூனை பார்த்துக்கொண்டிருக்கும். நான் முடித்துவிட்டு நகர்ந்த பிறகுதான் இறங்கும்.