செர்ரியை வெட்டுகிற முட்டாள்

நான் ஆங்யோ போய்ச் சேர்ந்தது மார்ச் முதல் வாரம். டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாகாணத்தின் கவாகுச்சி நகரில் இருக்கும் பகுதி இது. எங்கே திரும்பினாலும் நாற்றுப்பண்ணை. 1657இல் பெருந்தீயில் எடோ நகரம் கருகியபோது, மறுபடி வீடு கட்டியவர்களுக்குச் செடிகள் இங்கிருந்துதான் போயின என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். எடோதான் இன்றைய டோக்கியோ.

செர்ரி இன்னும் பூக்கவில்லை. ஊர் பூ பார்க்கக் கிளம்புவதற்குள் ஒட்டுக்கட்டி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பண்ணையில் தெரிந்தது.

பண்ணைக்காரப் பெரியவர் பலகை ஒன்றில் குந்தியிருந்தார். பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய குச்சிகள். குளிர்காலத்திலேயே வெட்டிக் குளிரில் வைத்திருந்தவை. அடிச்செடியைத் தரையை ஒட்டி நறுக்கினார். ஓரமாகக் கத்தியை விட்டு ஓர் அங்குலம் நேராகக் கீழே இறக்கினார். இரண்டு மொட்டுள்ள குச்சியை ஒரே இழுப்பில் சீவி, அந்தப் பிளவில் செருகினார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக மினுங்கும் மெல்லிய பச்சைப் படலம் இருக்கிறதே, அது இரண்டிலும் ஒரு பக்கமாவது தொட்டாக வேண்டும். உயிர் ஓடுவது அந்த வழியாகத்தான். நாடாவைச் சுற்றி இறுக்கினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மா ஒட்டுக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இத்தனை வேகத்தைப் பார்த்ததில்லை.

விதை போட்டால் தாயின் பூ பிள்ளைக்கு வராது. ஜப்பானில் எங்கும் காணும் சோமெய்-யோஷினோ, எடோவின் சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பியது. அத்தனையும் ஒட்டு வழியே வந்த ஒரே மரம். ஒரு தெரு முழுக்க ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்வதன் ரகசியம் இதுதான்.

அன்று சோமெய்-யோஷினோவைக் கேட்டு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்ற மரம் மனதிலேயே நிற்கிறதாம். பெரியவர் விலை சொல்லவில்லை. “தோட்டம் எவ்வளவு அகலம்?” என்றார். கார் நிறுத்தியதுபோக இரண்டு பாய் விரிக்கலாம் என்றார் அந்தப் பெண்.

“பத்து மீட்டர் விரியும். வேர் மேலாக ஓடி நடைபாதையைத் தூக்கிவிடும். பிறகு வெட்டுவீர்கள்.”

செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள், உமே (ஜப்பானியப் பிளம்) மரத்தை வெட்டாதவனும் முட்டாள் என்று அங்கே ஒரு பழமொழி. செர்ரியின் வெட்டுக்காயம் லேசில் மூடாது; அந்த வழியே அழுகல் இறங்கும். ஆகவே சின்னத் தோட்டத்துக்குக் கத்தரிக்கோலை நம்பக் கூடாது, ரகத்தைத்தான் நம்ப வேண்டும். கொடிக்கம்பம்போல நேரே எழும் ‘அமானோகாவா’வைக் காட்டினார்; பால்வீதி என்று பொருள். கிளைகள் கோணிக்கோணி வளரும் ‘கோஜோ-நோ-மாய்’, ஏரிமேல் நடனம். தொட்டியிலேயே முழங்கால் உயரத்தில் பூக்கும் ‘அசாஹியாமா’. கடைசியில் அவர்கள் எடுத்துப்போனது அதைத்தான். வந்த விற்பனையைத் தட்டிவிட்டு, ஒரு சின்னத் தொட்டியோடு ஆளை அனுப்பிய வியாபாரியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பெரியவரின் மனைவி வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பினார்: பூ உதிர்ந்ததும் எரு வையுங்கள். அதன் பெயரே ‘ஓரேய்-கோஎ’, நன்றி எரு. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் காயவே கூடாது. அடுத்த வசந்தத்துக்கான மொட்டு உருவாவது அப்போதுதான்.

பெரியவரின் கவலை வேறு. கழுத்துச் சிவந்த கறுப்பு வண்டு ஒன்று, 2012இல் ஐச்சி மாகாணத்தில் முதலில் தென்பட்டது. பக்கத்துச் சோகா நகரம்வரை வந்துவிட்டது. புழு உள்ளேயிருந்து குடைந்து மரத்தையே சாய்த்துவிடும். பேசிக்கொண்டே நடக்கும்போதும் பெரிய மரங்களின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று அவர் கண் போய்ப்போய் வந்தது.

கிளம்பும்முன் கத்தியை என்னிடம் நீட்டினார். நான்கு முறை சீவியும் வெட்டுமுகம் நேராக வரவில்லை. ஒருவழியாகச் செருகிக் கட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதற்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டினார்.

மே மாதம் அங்கிருக்கும் நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். சிவப்பு நூலுக்குப் பக்கத்தில் பச்சைப்பசேலென்று தளிர். துள்ளிவிட்டேன். அப்புறம்தான் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன்: “ஒட்டு காய்ந்துவிட்டது. இது அடிச்செடியின் தளிர். கிள்ளிவிடவா என்று பெரியவர் கேட்கிறார்.”