திவாலான போப்பாண்டவர்

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது எங்க அம்மா சீட்டுல போட்ட 18,000 ரூபாய் போச்சு. சீட்டு பிடிச்சவர் ராத்திரியோட ராத்திரியா வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டார். சில வருஷம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை பூசையில பார்த்தா, அதே மனுஷன் காணிக்கைப் பையைப் பிடிச்சுக்கிட்டு பெஞ்சு பெஞ்சா வர்றார்! நான் கையைப் பாக்கெட்டுல இருந்து எடுக்கவே இல்லை. அம்மா மட்டும் பத்து ரூபாய் போட்டாங்க.

புனித முதலாம் கலிஸ்டஸ் வாழ்க்கையைப் படிச்சப்போ அந்தப் பைதான் ஞாபகம் வந்துச்சு.

கலிஸ்டஸ் 2-ம் நூற்றாண்டு ரோமில் ஒரு அடிமை. எஜமான் கார்ப்போஃபோரஸ் ஒரு கிறிஸ்தவர். பணம் கொடுத்து, இவரை வட்டிக்கடை மாதிரி ஒரு சின்ன பேங்க் நடத்தச் சொன்னார். எஜமானோட பேரை நம்பி விதவைகளும் சபை ஜனங்களும் அதுல பணம் போட்டாங்க. எல்லாம் போச்சு. கலிஸ்டஸ் துறைமுகத்துக்கு ஓடி ஒரு கப்பல்ல ஏறிட்டார். எஜமான் படகுல துரத்தி வர்றதைப் பார்த்ததும் கடல்ல குதிச்சார். தூக்கிட்டு வந்து மாவரைக்கும் கல்லுல பூட்டினாங்க. பணம் போட்டவங்களே, "வெளிய விடுங்க, எங்க காசாவது திரும்பட்டும்"னு கேட்டதால விட்டாங்க. அப்புறம் யூதர்களோட ஜெபக்கூடத்துல தகராறு பண்ணி, கசையடி வாங்கி, சார்டீனியா தீவுச் சுரங்கத்துக்குப் போனார்.

சக்கரவர்த்தி கொம்மோடஸின் ஆசைநாயகி மார்சியா, சுரங்கத்துல கிடந்த கிறிஸ்தவர்களை விடுவிக்க ஏற்பாடு பண்ணினாங்க. பேர்ப்பட்டியல் கொடுத்தவர் போப் விக்டர். அதுல கலிஸ்டஸ் பேர் இல்லை. வேணும்னேதான் விட்டிருக்கார்! உத்தரவோடு வந்தவர் காலைப் பிடிச்சு அழுதுதான் இவர் தப்பிச்சார். விக்டர் மாசப்படி கொடுத்து இவரை ஆன்சியோ ஊருக்கு அனுப்பி வெச்சிட்டார்.

விக்டருக்கு அடுத்து வந்த செஃபிரினுஸ் (199-217) இவரைத் திரும்பக் கூப்பிட்டு, சபையோட கல்லறையைப் பார்த்துக்கச் சொன்னார். அப்பியா சாலையில இருக்கிற அந்த நிலத்தடிக் கல்லறைக்கு இன்னிக்கும் கலிஸ்டஸ் பேர்தான். 3-ம் நூற்றாண்டு போப்புகள் 9 பேரை அங்கேதான் புதைச்சாங்க. செஃபிரினுஸ் போனதும் 217-ல இவரே போப் ஆனார்.

இதையெல்லாம் எழுதி வெச்சது யார்னு நினைக்கிறீங்க? பக்தர் இல்லீங்க, எதிரி! அறிஞர்கள் பெரும்பாலும் ஹிப்போலிட்டஸ் என்ற குருவைத்தான் சொல்றாங்க. படிச்ச மனுஷன், கலிஸ்டஸை ஏத்துக்காம தனி அணியா நின்னவர். அந்த நூலோட பெரும்பகுதி 1842-லதான் ஆத்தோஸ் மலை மடத்துல இருந்து கிடைச்சது. அதனால பேங்க் கதையில எவ்வளவு நிஜம், எவ்வளவு வன்மம்னு நாமதான் பிரிச்சுப் பார்க்கணும்.

அவரோட பெரிய புகார் பேங்க் பத்தி இல்லை. "பாவம் பண்ணினவனை எல்லாம் இந்த ஆள் மன்னிச்சு சேர்த்துக்கறான்" என்பதுதான். நோவா பேழையில நாயும் காக்காயும்கூட இருந்துச்சே, சபையும் அப்படித்தான்னு கலிஸ்டஸ் சொன்னாராம். சுதந்திரப் பெண்கள் அடிமையைத் துணையா ஏத்துக்கறதையும் அனுமதிச்சார். குற்றப்பத்திரிகையா எழுதினது, இன்னிக்குப் படிக்கிறப்போ நற்சான்றிதழ் மாதிரி இருக்கு :-)

சுரங்கத்துல கிடந்தவனுக்குத்தான் பட்டியல்ல பேர் விட்டுப்போறதோட வலி தெரியும். போப் ஆனதும் அவர் யார் பேரையும் விடலைன்னு நான் நினைச்சுக்கறேன்.

கலிஸ்டஸ் 222-ல இறந்தார். கிணத்துல தள்ளிக் கொன்னாங்கன்னு மரபு சொல்லுது. 235-ல ஹிப்போலிட்டஸையும் அப்போதைய போப் போன்தியானுஸையும் நாடு கடத்தினாங்க. எங்கே? அதே சார்டீனியாவுக்கு! ரெண்டு பேரும் உயிரோட திரும்பலை. இன்னிக்கு ஹிப்போலிட்டஸும் புனிதர்தான், ஆகஸ்ட் 13 திருநாள். கலிஸ்டஸுக்கு அக்டோபர் 14.

எல்லாம் சரி. ஆனா அந்த விதவைகளோட காசு? திரும்பக் கிடைச்சதா எங்கேயும் இல்லை. காசை இழந்த வீட்டுப் பையன் நான்; எனக்கு அது உறுத்துது. போப் மன்னிக்கலாம், கடவுள் மன்னிக்கலாம். பணம் போட்டவங்க கிட்ட யாராவது கேட்டாங்களா?

அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில அம்மாகிட்ட கேட்டேன், "அந்த ஆளு பையில எதுக்கும்மா போட்டே?"

"பை அவருதாடா?"ன்னாங்க. கொஞ்ச தூரம் நடந்துட்டு, "18,000-த்தை நான் இன்னும் மறக்கல, அதையும் தெரிஞ்சுக்கோ"ன்னாங்க.