தஞ்சாவூரில் ஒரு நாணயஸ்தர்

தஞ்சாவூர் போகிற நம்மில் பலருக்கு ஒரு ரெடிமேட் புரோகிராம் உண்டு. பெரிய கோயில் நந்திக்கு ஒரு கும்பிடு, விமானத்தை அண்ணாந்து பார்த்து ஒரு 'அடேயப்பா', வாசலில் தலையாட்டி பொம்மைக்கு ஒரு பேரம். அப்புறம் காபி, பஸ்.

அடுத்த முறை ஒரு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்கா. அங்கே குளத்தருகே 1779-ல் கட்டிய ஒரு பழைய சர்ச். உள்ளே வெள்ளைச் சலவைக்கல் சிற்பம். கட்டிலில் ஒரு பாதிரியார் சாகக் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்... நம்ம சரபோஜி! லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லி இதைச் செய்ய வைத்தவரும் அவர்தான்.

ராஜ வம்சத்துப் பிள்ளை கையைப் பிடிக்கிற அளவுக்கு அந்தப் பாதிரியார் என்ன செய்தார்? சுருக்கமாகச் சொன்னால், பயப்படவில்லை. கொஞ்சம் விவரமாக:

பெயர் சுவார்ட்ஸ் ஐயர். (அந்தக் காலத்தில் பாதிரியார்களையும் நம் ஜனங்கள் 'ஐயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். குழம்ப வேண்டாம்.) 1726-ல் பிரஷ்யாவில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தவர். கல்யாணம் கிடையாது. தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் அத்துப்படி.

1779-ல் சென்னை கவர்னர் அவரைக் கூப்பிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியிடம் பேசிவிட்டு வரச் சொன்னார். ஹைதர் என்றாலே கும்பினிக்கு வயிற்றைக் கலக்கிய காலம். ஐயர் யோசித்தார். சண்டையைத் தடுக்க முடிந்தால் அதுவும் கடவுள் வேலைதானே என்று கிளம்பிவிட்டார். கூலி வேண்டாம் என்றார். ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைக்கூடக் கும்பினி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். கடைசியில் அது அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனது. (டி.ஏ. பில்லில் ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிப் போடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிவிடலாம்.)

சரி, சமாதானம் வந்ததா? வரவில்லை. 1780-ல் ஹைதர் படையெடுத்தார். பக்திமான் தொட்டதெல்லாம் துலங்கும் என்று யாராவது அளந்தால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

1781-ல் படை காவிரி நாட்டுக்குள்ளேயே புகுந்தது. வயல்கள் பாழ். கோட்டைக்குள் சோறில்லை. நெல்லுக்குப் பேர்போன ஊரில் தெருவெல்லாம் பிணம்! வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. கொண்டு வரத்தான் ஆளில்லை. வழியில் ஹைதர் படை என்கிற பயம் பாதி. மீதிப் பாதி கோட்டைக்காரர்கள் மேலேயே. முன்பு சரக்குக் கொண்டு வந்தவர்களுக்குக் காசு கொடுக்காமல் டேக்கா கொடுத்திருந்தார்கள். அதனால் ராஜா கூப்பிட்டும் பலிக்கவில்லை, கும்பினி கூப்பிட்டும் பலிக்கவில்லை.

கடைசியில் துளஜா ராஜாவே இறங்கி வந்தார். நமக்கெல்லாம் நாணயம் போய்விட்டது, சுவார்ட்ஸையாவது ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்றாராம். 'கிரெடிட்' என்ற வார்த்தைக்கு பி.காம். மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராத அர்த்தம் இது.

ஐயர் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். என் கையாலேயே பணம் தருவேன். வழியில் எதிரி பிடித்துக்கொண்டு போகிற மாட்டுக்கும் நானே பொறுப்பு என்றார். இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து நின்றன!

அவருடைய உபதேசியார்களும் மற்ற ஆட்களும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்கும் கால் நடுங்கித்தான் இருக்கும். நடுங்கிய காலோடு நடந்தார்கள், அவ்வளவுதான். வந்து சேர்ந்த தானியம் 80,000 கலம். இந்தப் பக்கத்துக் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை. போட்டுப் பாருங்கள், 40,000 மூட்டை! கோட்டை பிழைத்தது. சொன்னபடி பட்டுவாடாவும் நடந்தது. தம்மிடம் இருந்த மற்றவர்கள் பணத்தையும் அதற்கு எடுத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். (ஆடிட்டர்கள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளவும்.)

சரபோஜி கதையும் இதே மாதிரிதான். 1787-ல் துளஜா இறந்ததும், தத்துப்பிள்ளையான சிறுவன் சரபோஜியை அமர்சிங் அடைத்து வைத்தார். ஐயர் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு எழுதிக் காவல் போட வைத்தார். 1793-ல் பையன் பத்திரமாகச் சென்னை போய்ச் சேர்ந்தான். 1798-ல் ஐயர் காலமானார். அதே வருஷம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார்.

ஒரு விஷயம் பாருங்கள். மாடு ஓட்டி வந்தவர்கள் பைபிளை நம்பி வரவில்லை, ஐயர் சொல்லை நம்பி வந்தார்கள். சரபோஜியும் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். விசுவாசம் ஐயருடையது; அதில் விளைந்த தைரியம் ஊருக்கெல்லாம் பொது. மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார், எனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்று இருப்பவரை எதைக் காட்டி மிரட்டுவது?

ஐயரின் சமாதி, அதே ஊரில் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சில் இருக்கிறது. மானேஜர் ரூமிலிருந்து பெல் அடித்தாலே வியர்க்கிற நண்பர்கள் ஒரு நடை போய்விட்டு வரலாம். சாமி எதுவானாலும் பரவாயில்லை. பில்லை மட்டும் சரியாகப் போடுங்கள், பாதி பயம் அங்கேயே போய்விடும்.